காற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு?

நான் டீம் லீடாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை எனக்கு வந்த பிரச்சினைகளுக்கெல்லாம் லாக் ஃபைலில் எங்காவது ஒரு வரியில் பதில் இருக்கும். அன்றைக்கு வந்தது அப்படிப்பட்டதில்லை. டீமில் ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், காபி மெஷின் பக்கத்தில் என்னை நிறுத்திச் சொன்னார்: "புதுசா வந்திருக்கிற பொண்ணு போடுற பர்ஃப்யூம் எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது. எனக்கு மைக்ரேன் இருக்கு. பதினோரு மணிக்கு மேல ஸ்க்ரீனைப் பார்க்க முடியலை. நீங்க சொல்லிடுங்க. என் பேரு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்."

அதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொருவன் இதே விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். "மச்சி, நம்ம பே-ல எவனோ தியேட்டர் பாத்ரூம் ஃப்ரெஷ்னரைத் திறந்து வெச்ச மாதிரி இருக்குடா." நானும் சிரித்தேன். சிரித்ததை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பெண் கல்லூரி முடித்து நேரே வந்தவள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஊர். பெருங்குடியில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் போட்டது என்ன என்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது மேஜைமேலேயே இருந்தது. ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன பாட்டில். முதலில் பீச் பழம் மாதிரி ஒன்று அடிக்கும், பிறகு கொஞ்சம் மல்லி, கடைசியில் பஞ்சுமிட்டாய். தினமும், பகலில், ஆபீசுக்கோ கல்லூரிக்கோ போட்டுக்கொண்டு போகலாம் என்று விற்கிற வகை. கடையில் இதற்கு 'ஃப்ரூட்டி ஃப்ளோரல்' என்று பெயர்.

மீட்டிங் ரூமில் உட்காரவைத்துச் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதம்மா. பர்ஃப்யூம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குன்னு சில பேர் ஃபீல் பண்றாங்க. கொஞ்சம் கம்மி பண்ணிக்க முடியுமா?"

"சாரி அண்ணா. ரொம்ப வருதா?" என்று கேட்டுவிட்டு துப்பட்டாவின் நுனியை மூக்குக்குக் கொண்டுபோனாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

மறுநாள் பாட்டில் மேஜையில் இல்லை. கம்மி பண்ணவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். அதுவரை சந்தேகம் வந்தால் எழுந்து என் சீட்டுக்கே வந்து கேட்கிறவள், இப்போது நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சாட்டில் கேட்கிறாள். சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்காருகிறாள்.

நான் செய்தது சரியா தப்பா? இந்தக் கேள்வி இவ்வளவு நாள் கூடவே வரும் என்று அப்போது தெரியாது.

*

முதலில் எனக்குச் சாதகமாக வாதாடக்கூடிய ஆளைக் கூப்பிடுகிறேன். இமானுவேல் கான்ட். வாசனை விஷயத்தில் அவர் கறாரானவர். 1790-ல் வெளிவந்த, அழகையும் ரசனையையும் பற்றிய பெரிய நூலில் ஓர் உதாரணம் தருகிறார். ஒருவர் வாசனை பூசிய கைக்குட்டையைப் பையிலிருந்து எடுக்கிறார். சுற்றியிருக்கிற அத்தனை பேரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அதை மூச்சிழுக்க வேண்டியதாகிறது. இசையும் அப்படித்தான் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரன் கேட்க விரும்புகிறானா என்று அது பார்ப்பதில்லை. பிடிக்காத காட்சி என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மூக்குக்கு அந்த வசதி கிடையாது. 1798-ல் வந்த மானுடவியல் நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், மணம் என்பது தூரத்திலிருந்தே நமக்கு ஊட்டப்படும் ருசி, அதனால் அது சுதந்திரத்துக்கு எதிரானது என்கிற அளவுக்குச் சொல்கிறார்.

இதை மறுப்பது கஷ்டம். எங்கள் ஆபீசில் ஜன்னல் திறக்காது. ஒரே காற்றைத்தான் ஏ.சி. நாள் முழுக்கச் சுற்றவிடுகிறது. அதில் ஒருத்தி தன் விருப்பத்தைக் கலந்தால், அது நாற்பது பேர் நுரையீரலுக்குள் போகிறது. யாரும் கையெழுத்துப் போட்டு அனுமதி தரவில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் பல மருத்துவமனைகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டு, வாசனை பூசாமல் வாருங்கள் என்று ரொம்ப வருடங்களாகவே கேட்டுக்கொள்கின்றன. ஆஸ்துமா இருக்கிறவருக்கும் மைக்ரேன் இருக்கிறவருக்கும் இது ரசனைப் பிரச்சினையே கிடையாது, உடம்புப் பிரச்சினை.

ஆனால் கான்ட்டின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கைக்குட்டையை எடுப்பதற்கு முன்னால் காற்று காலியாக இருந்தது என்று வைத்துக்கொள்கிறார். காற்று என்றைக்கு காலியாக இருந்தது? எங்கள் ஃப்ளோரில் காபிப் பொடி வாசம் இருக்கும். காலையில் தரை துடைக்கிற லிக்விடில் எலுமிச்சை இருக்கும். லிஃப்டில் மேலதிகாரி ஒருவர் ஏறினால் அவர் இறங்கி மூன்று மாடி போன பிறகும் ஊது என்கிற அந்தக் கனத்த அகில் வாசம் நிற்கும். அந்த பாட்டில் விலைக்கு ஒரு ஃபோன் வாங்கலாம். அவரை யாரும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசியதில்லை. "சார் டேஸ்ட்டே தனி" என்றுதான் பேச்சு.

ஆக, காற்று எல்லோருக்கும் பொது என்ற விதியை நான் அமல்படுத்தவில்லை. கேள்வி கேட்க முடிகிற ஆளிடம் மட்டும் அமல்படுத்தினேன்.

*

அந்த "தியேட்டர் பாத்ரூம் ஃப்ரெஷ்னர்" கமெண்டுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மலிவான வாசனை என்றால் பொய்யானது, கெமிக்கல். விலை கூடியது என்றால் நிஜப் பூ, நிஜப் பழம். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், நமக்குத் தொழிலே அதுதானே.

ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி பழங்களின் தோலைப் பிழிந்தால் மணக்கிற எண்ணெய் வரும். பீச், பேரிக்காய், ஸ்ட்ராபெரி எதைப் பிழிந்தாலும் ஜூஸ்தான் வரும். வாசனைத் தொழிலுக்குப் பயன்படுகிற மாதிரி எண்ணெய் வராது. அதனால் ஆயிரம் ரூபாய் பாட்டிலோ பத்தாயிரம் ரூபாய் பாட்டிலோ, அதில் இருக்கிற பீச் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பீச்தான். காமா அண்டிகாலாக்டோன் என்று ஒரு மூலக்கூறு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. தொழிலில் அதை 'ஆல்டிஹைட் சி-14' என்பார்கள். அது ஆல்டிஹைடும் கிடையாது, அதில் 14 கார்பனும் கிடையாது, 11தான். நம் கோட்பேஸில் தப்பான பெயரில் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கும் வேரியபிள் மாதிரி. 1919-ல் கெர்லெய்ன் நிறுவனம் கொண்டுவந்த 'மிட்சுகோ', இன்றைக்கும் பெரிய காவியம் மாதிரி பேசப்படுகிற வாசனை, தன் பீச்சை இதிலிருந்துதான் எடுத்தது.

பஞ்சுமிட்டாய்? எத்தில் மால்டால். 1992-ல் தியரி முக்ளரின் 'ஏஞ்சல்' அதை அள்ளிக் கொட்டிய பிறகு, இனிப்பு வாசனைகளுக்குத் தனியாக ஒரு குடும்பமே உருவானது. இன்று மால்களில் நம் மேல் அடிக்கிற பாதி பாட்டில்களில் அதன் வாரிசுகள் இருக்கிறார்கள்.

மல்லி இன்னும் சுவாரசியம். மல்லியின் மணத்தில் பென்சைல் அசிடேட் இருக்கிறது. அதைத் தனியே முகர்ந்தால் கொஞ்சம் பழ வாடை அடிக்கும். மெத்தில் ஆந்த்ரானிலேட் இருக்கிறது, அது திராட்சை மிட்டாயின் வாசம். இண்டோல் இருக்கிறது, அது மலத்திலும் இருப்பது. இண்டோல் இல்லாவிட்டால் மல்லி மல்லியாக இருக்காது. அதாவது நம் பாட்டிகள் தலையில் வைத்த பூவே ஒரு ஃப்ரூட்டி ஃப்ளோரல்தான். கூடவே கொஞ்சம் நாற்றமும் சேர்த்து. 'நாற்றம்' என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, பிறகுதான் கீழே இறங்கியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

ஆக, நிஜம்–பொய் என்ற கோடு அந்த ரோஸ் பாட்டிலுக்கும் லிஃப்ட் பாட்டிலுக்கும் நடுவில் ஓடவில்லை. இரண்டிலும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வித்தியாசம் செய்நேர்த்தியில் இருக்கலாம், மூலப்பொருளின் தரத்தில் இருக்கலாம். ஆனால் அந்த கமெண்ட் அதைப் பற்றியதே இல்லை. அது வாசனையைச் சொல்லவில்லை, ஆளைச் சொன்னது.

ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல் வெளிவந்த விகன் பயர் நூலில் இதை வெட்கப்படாமல் எழுதினார். கீழ்வர்க்கத்து மனிதர்கள் நாறுவார்கள் என்று தன்னைப் போன்ற நடுத்தரவர்க்கப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ஊட்டிவிட்டார்கள், மற்ற எந்த வெறுப்பையும் தாண்டிவிடலாம், உடம்பு உணர்கிற இந்த வெறுப்பைத் தாண்டுவது கஷ்டம் என்று. 2019-ல் 'பாரசைட்' பார்த்தபோது நாம் எல்லோரும் நெளிந்ததும் அதே இடத்தில்தான். கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. கருவாடு சமைத்தால் வீட்டைக் காலிபண்ணச் சொல்கிற ஊரில் இருக்கிறோம். சாதி நம் நாட்டில் கண்ணால் மட்டுமா வேலை செய்கிறது?

*

இப்போது வேறொரு பாட்டில்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம், நிலக்கோட்டை பூச்சந்தைக்குக் கொஞ்ச தூரம். அம்மா ஓர் உதவிபெறும் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பூக்கார அம்மா தெருவில் வருவார். எங்கள் வாசலில் கூவவே மாட்டார், ஒரு முழத்தை அளந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், மாதக் கணக்கு. மல்லிக்கு ஒரு குணம் உண்டு. விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள், ஆனால் மணம் பிறப்பது மொட்டு விரியும்போதுதான். அது இருட்டுகிற நேரம். பறித்த பிறகும் பூ தன் மணத்தைச் செய்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் ராத்திரி சோறு வாசத்தோடு சேர்ந்து அது இருக்கும்.

நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாளுக்குப் பிறகு பூக்கார அம்மா எங்கள் வாசலில் நிற்காமல் தாண்டிப் போனார். கொடுமைக்காரி இல்லை. நின்று "பூ வேணுமா டீச்சர்?" என்று கேட்டால்தான் அம்மாவுக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். அம்மாவும் எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் தடுக்கவில்லை, எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் ராத்திரி மல்லி வாசம் நின்றுபோனது.

ஏழெட்டு வருடம் கழித்து, ஆன்சைட் முடிந்து திரும்பும்போது ஏர்போர்ட்டில் ஒரு பாட்டில் வாங்கினேன். யாருக்கென்று யோசித்து வாங்கவில்லை, சாக்லேட் மாதிரி வாங்கியதுதான். பேரிக்காய், பீச், நடுவில் மல்லி. அம்மா "எனக்கெதுக்குத் தம்பி இதெல்லாம்" என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, காலையில் அம்மா பள்ளிக்குக் கிளம்பித் தாண்டிப்போகும்போது அது அடித்தது. ரொம்ப லேசாக. நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டாஃப் ரூம்ல கேட்டாங்க, என்ன சோப்பு டீச்சர் போடுறீங்கன்னு. பேரு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

நம் பக்கத்திலிருந்து மல்லி தொழிற்சாலைக்குப் போகிறது. கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி எடுக்கிறார்கள், அதை ஆல்கஹாலில் கழுவி எசன்ஸ் எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிரண்டு கிலோதான் மிஞ்சும். அது பிரான்சுக்கும் மற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அம்மாவின் பாட்டிலில் எங்கள் பக்கத்து மல்லி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால், திண்ணையைத் தாண்டிப் போன பூ உலகத்தைச் சுற்றிவிட்டு பீரோவுக்குள் வந்திருக்கிறது.

இதைப் பெரிய புரட்சி என்று எழுதினால் பொய். கணவனை இழந்தவள் பூ வைக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. அம்மா செய்தது ஒரு வொர்க்அரவுண்ட், பக் ஃபிக்ஸ் ஆகவில்லை. அதற்கு ஒரு சின்னப் பொய்யும் தேவைப்பட்டது. ஆனால் கான்ட் குற்றமாகச் சொன்ன அதே குணம் இங்கே என்ன செய்கிறது பாருங்கள். மணம் அனுமதி கேட்காமல் நுழைகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிற ஊரில், அம்மாவுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். இன்னொருவரின் சுதந்திரத்தைத் தொடுகிற அதே காற்றில்தான் அவருடைய சுதந்திரமும் இருந்தது.

*

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீசில் எல்லோரும் புடவை, வேட்டி. அட்மின் டீம் கூடை கூடையாக மல்லி வாங்கிவைத்திருந்தது. ஃப்ளோர் முழுக்க மணம். "செம்ம வைப்" என்று எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். அந்த "பாத்ரூம் ஃப்ரெஷ்னர்" ஆசாமியும் ஆழமாக மூச்சிழுத்து, "இதுதான்டா வாசனை" என்றான். அந்தப் பெண்ணும் ரெண்டு முழம் வைத்திருந்தாள். யாரும் அவளை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடவில்லை.

மைக்ரேன் இருந்தவர் பதினொன்றரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, அரைநாள் லீவு போட்டுக் கிளம்பினார். மல்லியும் அவருக்கு ஒத்துக்காது. திருவிழா அன்றைக்கு அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை.

அன்றைக்குத்தான் என் தப்பு எது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. என்னிடம் வந்தவை இரண்டு புகார்கள். ஒன்று வலி, இன்னொன்று ஏளனம். வலிக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. ஏளனத்துக்கு அப்படி ஒரு உரிமையும் கிடையாது. நான் இரண்டையும் கலந்து "சில பேர் ஃபீல் பண்றாங்க" என்று ஒரே வாக்கியமாக்கிவிட்டேன். அந்தச் 'சில பேர்' யார் என்று தெரியாததால் அவளுக்கு எல்லோருமே அந்தச் சில பேர் ஆனார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாசனை பூசிக்கொள்கிறவருக்குத் தன் வாசனை கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போய்விடும். மூக்கு பழகிவிடும். அதோடு, மனிதர்களிடம் சுமார் 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்து 1991-ல் எழுதியதற்குத்தான் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே பாட்டில் இரண்டு பேருக்கு ஒரே வாசனையே கிடையாது. நான் எவ்வளவு மணக்கிறேன், எப்படி மணக்கிறேன் என்பதை இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று அவள் சொன்னது சாக்கு கிடையாது, வெறும் உண்மை. அதனால் சொல்வதில் தப்பில்லை, சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதுதான் தப்பு. ஆனால் இவ்வளவு சார்ந்திருக்கிற ஒருவரிடம் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

மைக்ரேன் இருந்தவரிடம் போய், நடந்ததைச் சொல்லி, பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பவே நானே சொல்லியிருக்கலாம், பயமா இருந்தது, சண்டைக்காரின்னு நினைச்சுக்குவாளோன்னு" என்றார். சரி என்றார்.

ஒருநாள் மதியம் அந்தப் பெண்ணிடம் முழுசாகச் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து. அவள் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், கல்லூரியில் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்கில் பெண்களுக்கு முதல் பாடமே அதுதானாம்: தலையில் பூ வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகாதே, லோக்கலாகத் தெரியும், வேண்டுமானால் லைட்டாக ஒரு பர்ஃப்யூம். பூவை எடுத்துவிட்டுத்தான் பாட்டிலை வாங்கினாள்.

"பூவும் கூடாது, இதுவும் கூடாதுன்னா நான் எப்படித்தான் அண்ணா வரணும்னு அன்னைக்கு ஹாஸ்டல்ல போய் அழுதேன்" என்றாள். பிறகு, "அக்காவுக்கு தலைவலின்னு நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, எது போட்டா உங்களுக்கு வலிக்காதுன்னு நானே அவங்ககிட்ட போய்க் கேட்டிருப்பேனே" என்றாள்.

இதுதான் என் கணக்கில் விட்டுப்போனது. அவள் சுதந்திரத்தையும் அவர் வலியையும் தராசில் வைத்து, நடுவில் நின்று நான் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரக்கம் இருக்கும், அவளே ஒரு முடிவெடுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் விட்டுக்கொடுக்கக் கூடியதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் எதிரெதிராக உட்காருகிறார்கள். ரோஸ் பாட்டில் மறுபடி வந்திருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, பேகை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகும் முன்னால் மட்டும். அவர் ஒர்க் ஃப்ரம் ஹோமில் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் காலையிலேயே அடிக்கும். பீச், மல்லி, கடைசியில் பஞ்சுமிட்டாய். சந்தேகம் வந்தால் எழுந்து வந்து கேட்கிறாள்.